300 டாலர் பிஸ்டலின் உள்ளே

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கடையின் கண்ணாடிப் பேழைக்குள், ஒரே 9 மி.மீ. தோட்டாவைச் சுடும் மூன்று அரைத்தானியங்கி பிஸ்டல்கள் அடுத்தடுத்துக் கிடப்பதைக் காணலாம். ஒன்றின் விலை 200 டாலரை ஒட்டியிருக்கும், மற்றொன்று 300 டாலர், மூன்றாவது 1,000 டாலரைத் தாண்டியிருக்கும். குழலின் நீளம் ஒத்திருந்தால் மூன்றும் ஒரே குண்டை ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் எறியும். அப்படியிருக்க, கூடுதல் பணம் எதற்குப் போகிறது, எந்த இடத்தில் மிச்சப்படுத்தலாம், எந்த இடத்தில் கூடாது என்பதை அறிய, தோட்டா வெடிக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். (இந்தியாவில் 9 மி.மீ. தோட்டா பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை. உரிமம் உள்ளவர்களும் .32 போன்ற அனுமதிக்கப்பட்ட அளவுகளைத்தான் வாங்க முடியும். ஆகவே இங்கே பேசப்படுவது அமெரிக்கச் சந்தையைப் பற்றியே.)

9 மி.மீ. தோட்டா வெடிக்கும்போது குழலின் பின்முனையில் உள்ள அறையில் எழும் அழுத்தத்துக்கு ஐரோப்பியத் தர விதி வைத்திருக்கும் உச்ச வரம்பு 2,350 பார். கார் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அது. இவ்வளவையும் அடைத்து நிற்பது, தோட்டாவில் குண்டையும் வெடிமருந்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய பித்தளை உறை ஒன்றுதான். அழுத்தத்தால் விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்வதாலும், எஃகு அதைச் சுற்றிலும் தாங்குவதாலும் அது கிழிவதில்லை. குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே உறை பின்னோக்கி வெகுவாக நகர்ந்துவிட்டால், தாங்கலற்ற பித்தளை பிளந்து, சூடான வாயு, தோட்டாக்களை அடுக்கிய மேகஸின் என்ற பெட்டி செருகப்படும் பொந்து வழியாகச் சுடுபவரின் கையை நோக்கிப் பாயும். ஆகவே குண்டு போகும்வரை அறையை மூடி வைத்திருப்பதும், போன பிறகு தாமதமின்றித் திறந்து காலி உறையை வெளியேற்றுவதும்தான் அரைத்தானியங்கி பிஸ்டலின் முழு வேலை.

இதற்கு மிகவும் பரவலான தீர்வைத் தந்தவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1855-இல் பிறந்த ஜான் பிரௌனிங். பிஸ்டலின் மேற்பகுதியில் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு என்ற எஃகுப் பாகத்தோடு குழலைப் பூட்டிவிட வேண்டும் என்பது அவர் கண்ட வழி. இதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். குண்டின் எடை 8 கிராம், அது குழலில் ஓடும் தூரம் 100 மி.மீ., பூட்டப்பட்ட ஸ்லைடும் குழலும் சேர்ந்து அரைக் கிலோ என்று கொள்வோம். உந்த அழிவின்மை விதிப்படி, நகரும் தூரங்கள் எடைகளுக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். எனவே குண்டு குழலின் வாயை எட்டும்போது ஸ்லைடும் குழலும் பின்னால் வந்திருப்பது 1.6 மி.மீ. அளவுதான். உறையும் குழலோடு சேர்ந்தே நகர்வதால் அது அறைக்குள் பத்திரமாக இருக்கிறது. மேலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போன பிறகு, குழலுக்கு அடியில் உள்ள சரிவான பள்ளம் அதன் பின்முனையைக் கீழே இறக்குகிறது. பூட்டு விடுகிறது, குழல் நின்றுவிடுகிறது, ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னோக்கிப் பாய்ந்து உறையை இழுத்து வெளியே எறிகிறது. இன்று விற்கும் 9 மி.மீ. பிஸ்டல்களில் பெரும்பாலானவை, விலை எதுவானாலும், இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. பிரௌனிங்கின் வடிவமைப்புகளில் ஒன்று 1911-இல் அமெரிக்க ராணுவச் சோதனையில் 6,000 தோட்டாக்களைத் தடையின்றிச் சுட்டுத் தேறியது. அந்தக் காலத்து உலோகத்தையும் இயந்திரங்களையும் நினைத்தால் எனக்கு அது இன்றும் வியப்பளிக்கிறது.

குழலைப் பூட்டாமலேயே வேலையை முடிக்க வேறொரு வழியும் உண்டு. குழலைச் சட்டத்தோடு, அதாவது கைப்பிடியுள்ள அடிப்பகுதியோடு, நிலையாகப் பொருத்திவிட்டு, ஸ்லைடின் எடையையும் ஸ்பிரிங்கின் பலத்தையும் மட்டும் நம்பி அறையை மூடி வைப்பது அது. பாகங்கள் குறைவு, செலவும் குறைவு. சிறிய தோட்டாக்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். 9 மி.மீ. தோட்டாவுக்கோ ஸ்லைடு கனமாக இருந்தே தீர வேண்டும். ஒஹாயோ மாநிலத்தின் ஹை-பாயிண்ட் நிறுவனத்தின் சி9 பிஸ்டல், 8 தோட்டாக்கள் மட்டுமே கொண்டாலும், ஏறத்தாழ 820 கிராம் எடையுடன் தலைகனத்து நிற்பது இதனால்தான். அதன் ஸ்லைடு ஜமாக் எனப்படும் துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்டது. அந்தக் கலவை 400 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும் என்பதால் அச்சில் ஊற்றி வார்ப்பது மிக எளிது, ஆனால் வலிமையில் எஃகுக்கு வெகு தொலைவு. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் மலிவான அயல்நாட்டுக் கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய பிறகு, தெற்குக் கலிபோர்னியாவில் இத்தகைய துத்தநாகப் பிஸ்டல்களைச் செய்யும் பட்டறைகள் முளைத்தன. அவற்றைத் தடுக்க இல்லினாய் போன்ற சில மாநிலங்கள், 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் (ஏறத்தாழ 427 டிகிரி செல்சியஸ்) உருகும் உலோகத்தில் செய்த கைத்துப்பாக்கிகளை விற்கக் கூடாது என்று விதித்தன. எடையைச் சமாளிக்கத் தெரிந்தவருக்கு ஹை-பாயிண்ட் வேலை செய்யும் என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் இன்னொரு நூறு டாலர் சேர்க்க முடியுமானால், பூட்டும் குழலும் எஃகு ஸ்லைடும் கொண்ட பிஸ்டலுக்குப் போவதே சரி.

அந்த 300 டாலர் பிஸ்டல் சாத்தியமானதற்கு முக்கியக் காரணம் உற்பத்தி முறையில் வந்த மாற்றம். எஃகுக் கட்டியைக் கடைந்து பிஸ்டலின் சட்டத்தைச் செய்யும்போது பெரும்பகுதி உலோகம் சுருளாகக் கழிந்து போகும், இயந்திர நேரமும் நிறைய ஆகும். ஆஸ்திரியாவின் காஸ்டன் குளோக் 1982-இல் தம் நாட்டு ராணுவத்துக்காகச் செய்த பிஸ்டலின் சட்டம், எஃகுத் தடங்கள் பதிக்கப்பட்ட நெகிழி வார்ப்பு. உருக்கிய நெகிழியை அச்சுக்குள் செலுத்தினால் சில நிமிடங்களில் ஒரு சட்டம் தயார். நெகிழிச் சட்டத்தை முதலில் கையாண்டவர் அவர் அல்லர், ஜெர்மனியில் 1970-லேயே அது வந்துவிட்டது. ஆனால் உலகம் அதை ஏற்றுக்கொண்டது குளோக்குக்குப் பிறகுதான். இன்று துருக்கியின் கானிக், பிரேசிலின் டாரஸ், அமெரிக்காவின் ரூகர் ஆகிய எல்லா நிறுவனங்களின் மலிவு வரிசையும் அந்த வழியில் வந்ததே. ரூகர் நிறுவனம் 1960களிலிருந்து எஃகுப் பாகங்களை மெழுகு வார்ப்பு முறையில் செய்துவருகிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் ஐம்பொன் சிலை வார்க்கும் முறையின் தொழிற்சாலை வடிவம்தான் அது.

சிறு பாகங்களுக்கு வேறொரு முறை இருக்கிறது. நுண்ணிய உலோகப் பொடியை மெழுகும் நெகிழியும் கலந்த பசையோடு குழைத்து, அச்சுக்குள் அழுத்தி, பிறகு பசையை நீக்கிச் சூளையில் வைத்தால், பொடித்துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து பாகம் 15 முதல் 20 விழுக்காடு வரை சுருங்கிக் கெட்டிப்படும். பலர் இதை மட்டமானது என்று ஒதுக்குகிறார்கள். அது பாதிதான் உண்மை. டிரிகர் போன்ற பாகங்களுக்கு இது போதுமானது. காலி உறையின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கியோ ஒவ்வொரு சுடுதலிலும் அடி வாங்குவது. அதன் முனை சில்லுப் பெயர்ந்தால் உறை அறைக்குள்ளேயே தங்கிவிடும். பாகங்களைக் கழற்றிப் பார்க்கும்போது நான் முதலில் கண் வைப்பது அந்தக் கொக்கியின் விளிம்பு கூர்மையாகவும் சீராகவும் இருக்கிறதா என்பதில்தான்.

அடுத்து மேகஸின். பிஸ்டல் சிக்கிக்கொள்ளும்போது பெரும்பாலோர் பிஸ்டலையே பழிப்பார்கள், ஆனால் கோளாறு பெரும்பாலும் மேகஸினில்தான் இருக்கும். அதன் மேல்விளிம்பில் உள்ளே மடிந்த இரண்டு தகட்டு உதடுகள் இருக்கின்றன. தோட்டா எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்பவை அவையே. ஸ்லைடு பின்னால் போய்த் திரும்ப எடுத்துக்கொள்வது பத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவான நேரம். அதற்குள் அடியிலுள்ள ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை உயர்த்தி அந்த உதடுகளோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தாலும், உதடு சற்றே விரிந்தாலும், தோட்டாவின் மூக்கு அறையின் வாயிலுக்குப் பதிலாகக் கீழேயோ மேலேயோ மோதி நிற்கும். எனவே பத்து டாலரை மிச்சப்படுத்த யாரோ செய்த மாற்று மேகஸினை வாங்குவது நல்ல சிக்கனமே அல்ல.

விலை குறைந்தாலும் விட்டுக்கொடுக்கக் கூடாத இன்னொன்று, கீழே விழுந்தால் வெடிக்காமை. நல்ல வடிவமைப்பில், தோட்டாவின் பின்புறத்தைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னின் பாதையில் ஸ்பிரிங் தாங்கிய ஒரு சிறு தடுப்பு குறுக்கே நிற்கும். டிரிகரை முழுதாக இழுக்கும்போது மட்டுமே அது விலகும். விழுந்தால் வெடிக்கக் கூடாது என்பதைக் கலிபோர்னியா 2001 முதல் சட்டமாகவே வைத்திருக்கிறது. விற்பனைக்கு வரும் மாதிரியை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து வெவ்வேறு நிலைகளில் கான்கிரீட்டில் போட்டுப் பார்க்கிறார்கள். அதற்கு முன்பே 600 தோட்டாக்கள் சுட வேண்டும், அதில் ஆறு தடங்கல்களுக்கு மேல் வரக் கூடாது, முதல் இருபதில் ஒன்றுகூட வரக் கூடாது. மலிவு வரிசையில் சில மாதிரிகளும் இத்தகைய சோதனையைத் தாண்டியவை என்பதை விற்பவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம்.

மிகச் சிறிய பிஸ்டல்கள் விலை குறைவாக இருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. ஸ்லைடு லேசாக இருப்பதால் அது அதிக வேகத்தில் பின்னால் வரும், அதை நிறுத்த முரட்டு ஸ்பிரிங் வேண்டும், ஓடும் தூரமும் குறைவு. பிடி தளர்ந்தாலோ, எண்ணெய் காய்ந்தாலோ, அதைத் தாங்கிக்கொள்ளும் இடைவெளி பெரிய பிஸ்டலுக்கு இருக்கும் அளவுக்கு இதற்கு இல்லை. முதன்முறை வாங்குபவருக்கு நடுத்தர அளவே ஏற்றது.

காவல் துறைகள் மாற்றிக் கொடுத்த பழைய பிஸ்டல்களும் நல்ல வழி. 2010களின் நடுவில் எஃப்.பி.ஐ. சற்றுப் பெரிய .40 அங்குலத் தோட்டாவிலிருந்து 9 மி.மீ.க்குத் திரும்பியது, பல காவல் துறைகளும் அவ்வாறே மாறின. அவர்கள் விட்ட கருவிகள் குறைந்த விலைக்கு வந்தன. இடுப்பு உறையில் ஆண்டுக்கணக்கில் உரசி வெளிப்பூச்சு தேய்ந்திருக்கும், ஆனால் சுட்டது குறைவாகவே இருக்கும். குழலின் உட்புற வரிகள் தெளிவாக இருந்து, ஸ்பிரிங்குகளை மட்டும் புதிதாக மாற்றினால், பல ஆண்டுகள் உழைக்கும்.

பட்டியலில் கடைசியாக, ஆனால் கட்டாயமாக, தோட்டாச் செலவைச் சேர்க்க வேண்டும். ஒரு தோட்டா கால் டாலர் என்று வைத்தாலும், நானூறு சுட்டுப் பழக 100 டாலர் ஆகும். புதிய பிஸ்டலை நம்புவதற்கு முன், தாம் பயன்படுத்தப்போகும் அதே தோட்டாவில் குறைந்தது இருநூறாவது தடையின்றி ஓடுகிறதா என்று பார்ப்பது நல்லது.

பெட்டியில் தோட்டா வைக்கப்படுவதில்லை, ஆனால் பூட்டு இருக்கும். 2005-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி, உரிமம் பெற்ற விற்பனையாளர் ஒவ்வொரு கைத்துப்பாக்கியோடும் ஒரு பூட்டும் கருவியையோ பாதுகாப்புப் பெட்டியையோ கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் அது நெகிழி உறையிட்ட ஒரு கம்பிவடம். மேகஸினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்தி, அறையில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, உறை வெளியேறும் வாயில் வழியாக வடத்தை நுழைத்து மேகஸின் பொந்து வழியாக வெளியே எடுத்துப் பூட்ட வேண்டும். வடம் அங்கே இருக்கும்வரை ஸ்லைடு மூடாது, மேகஸினும் ஏறாது.