பழைய ஆட்டக்காரரின் இதயம்

பெங்களூரு அல்சூரில் இருபது ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்த்து வருகிறேன். பக்கத்துக் கௌதமபுரத்தில் கால்பந்து ஆடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போய், ஓய்வுபெற்றபின் வார்டு மக்களுக்காக அலைந்து, மாநகராட்சித் தேர்தலிலும் நின்ற ஒருவரைப் பற்றி, அவருடைய சம்மதத்துடன், பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக மைசூர் வீரர் சாரங்கபாணி ராமன் அடித்த கோலைப் பற்றிப் பேசாமல் அவர் என் அறையில் உட்கார்ந்ததே இல்லை. இரத்த அழுத்தம் 170/100 என்று சொன்னபோதும், "தொண்ணூறு நிமிஷம் ஓடின உடம்பு டாக்டரம்மா, எனக்கு எங்கே பி.பி. வரும்?" என்றுதான் கேட்டார். பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே உடலின் திறன் இறங்கத் தொடங்கிவிடும். ஆட்டக்காரரின் சாப்பாட்டு அளவு மட்டும் பெரும்பாலும் இறங்குவதில்லை.

காலை ஆறு மணிக்கே குடிநீர் வரவில்லை என்று வாசலில் நான்கு பேர் நிற்பார்கள். பிறகு காதுகுத்து, கல்யாணம், துக்க வீடு. போன இடத்தில் டீயை மறுத்தால் மனம் நோகும் என்பது அவருடைய கவலை, நியாயமான கவலையும்கூட. மனுக்களைக் குறிக்கும் சட்டைப்பை நோட்டிலேயே டீக் கணக்கையும் எழுதச் சொன்னேன். ஒரே நாளில் பதினொன்று. டீக்கு இரண்டு கரண்டி என்றால், சர்க்கரை மட்டும் ஏறக்குறைய 100 கிராம்.

அம்மன் ஊர்வலத்தன்று நெஞ்சை அழுத்தியதும், வாயு என்று சோடா குடித்துவிட்டு, சாமி கோயிலுக்குத் திரும்பும்வரை நின்றிருக்கிறார். மருத்துவமனை சேர்வதற்குள் ஆறு மணி நேரம் போய்விட்டது. அடைபட்ட இரத்தக்குழாய் திறக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை செத்துக்கொண்டிருக்கும்; அது மீண்டும் வளராது. ஆகவே நெஞ்சழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும், தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகாமல், 108-ஐ அழைத்து உடனே இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமலும் மாரடைப்பு வரும் என்பதை வீட்டார் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

அவர் பிழைத்துவிட்டார். மனுவோடு மாநகராட்சி அலுவலகத்தின் முதல் மாடிக்கு ஏறும்போது மட்டும் பாதிப்படியில் நின்றுவிடுகிறார். நோட்டில் டீக் கணக்கு மூன்றுக்கு வந்திருக்கிறது. அதில் இரண்டு சர்க்கரை இல்லாதவை.