ரெபரேஷன்: ஈடா, தண்டமா?

முதல் உலகப்போரைப் பற்றிய எந்த நூலிலும் தோற்ற ஜெர்மனியோடு 1919-இல் செய்த வெர்செய்ல்ஸ் உடன்படிக்கைக்குப் பின்னாலேயே 'ரெபரேஷன்' என்ற சொல்லும் வந்துவிடும். தமிழில் இதைப் போர் நஷ்டஈடு, போர் இழப்பீடு, போர்த் தண்டம் என்று பலவாறாக எழுதுகிறோம். கடைசிச் சொல்லை எழுதுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, ஜெர்மனியின் பக்கம் போய் நின்றுகொள்கிறார்.

சொல்லின் மூலம் லத்தீன். 'ரெபராரே' என்றால் பழுதுபார்த்தல், பழையபடி ஆக்குதல். சைக்கிளை 'ரிப்பேருக்கு' விடுகிறோமே, அதே வேர்தான்.

இந்தச் சொல் 1919-இல் யோசித்தே எடுக்கப்பட்டது. 1871-இல் பிரான்சைத் தோற்கடித்த ஜெர்மனி 500 கோடி பிராங்க் கறந்தது. அதற்குப் பெயர் 'இண்டெம்னிட்டி'. வென்றவன் வென்றதற்காகவே வாங்குவது, நம் பழம்பாடல்களில் வரும் திறைக்குப் பங்காளி. அப்படித் தண்டிக்கும் வசூல் கூடாது என்று அமெரிக்க அதிபர் வில்சன் 1918-லேயே அறிவித்திருந்தார். ஆகவே, குடிமக்களுக்கு நேர்ந்த சேதத்துக்கு மட்டும் பணம் என்ற பொருளில் ரெபரேஷன் வந்தது.

சொல் சுருங்கியது, கணக்கு சுருங்கவில்லை. குண்டு விழுந்து பாழான மண் பெரும்பாலும் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இருந்ததால், பிரிட்டனுக்குப் பங்கு குறைந்துபோகும். அப்போது பிரிட்டன் தரப்பில் இருந்த தென்னாப்பிரிக்க அமைச்சர் ஸ்மட்ஸ் ஒரு வாதம் வைத்தார்: படையிலிருந்து விடுபட்டு வீடு திரும்பிய சிப்பாய் குடிமகன்தானே? அவனுடைய ஓய்வூதியமும், இறந்தவனின் மனைவிக்குத் தரும் உதவித்தொகையும் குடிமக்களின் சேதம்தானே? வழக்கறிஞர் மூளை! வில்சனும் இணங்கினார். 1921-இல் குறித்த தொகை 13,200 கோடி தங்க மார்க். அதில் பெரும்பகுதி காகிதத்தில் மட்டுமே இருந்தது என்பது வேறு கதை.

உடன்படிக்கையின் 231-ஆம் பிரிவில் 'குற்றம்' என்ற சொல்லே கிடையாது. 'பொறுப்பு' என்றுதான் இருக்கிறது. ஜெர்மானியர்களோ அதைப் 'போர்க்குற்றப் பிரிவு' என்றே அழைத்தார்கள். கொடுத்த பணத்தைத் திறை என்று ஏசினார்கள். வீண்செலவு செய்துவிட்டு 'தண்டம் அழுதேன்' என்போமே, அந்த எரிச்சல் ஒரு நாடு முழுக்கப் பரவியது. இழப்பீடாகத் தரவேண்டிய தந்திக் கம்பங்களும் நிலக்கரியும் சொன்னபடி வரவில்லை என்று 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ஜெர்மனியின் ரூர் பகுதிக்குள் நுழைந்தபின் எரிச்சல் வெறுப்பாயிற்று. ஹிட்லருக்கு மேடைப் பேச்சுக்கு வேறென்ன வேண்டும்?

தமிழுக்கு வருவோம். படு, பாடு ஆவதுபோல, இடு என்ற வினை முதலெழுத்து நீண்டு ஈடு ஆகிறது. காலியான இடத்தில் இட்டு நிரப்புவது ஈடு. நகையை ஈடு வைக்கிறோம்; பற்றாக்குறையை ஈடுகட்டுகிறோம்; இட்லிகூட ஈடு ஈடாகத்தான் வேகிறது. நஷ்டஈட்டில் முன்பாதி வடமொழி. அதை இழப்பு என்று மாற்றினால் இழப்பீடு. 'போர் இழப்பீடு' என்பதே ரெபரேஷனுக்குச் சரியான தமிழ். தண்டம் என்பது தண்டனைப் பணம். வாங்கியவர்கள் அந்தப் பெயரைத்தான் தவிர்க்கப் பார்த்தார்கள்.

1932-இல் லோசான் மாநாட்டோடு இழப்பீடு நடைமுறையில் நின்றுபோயிற்று. 2010 அக்டோபர் 3 அன்று ஜெர்மனி கடைசித் தவணையைக் கட்டியபோது, போர் இழப்பீடு தீர்ந்தது என்று செய்திகள் வந்தன. உண்மையில் அன்று கட்டியது, இழப்பீடு செலுத்துவதற்காக 1924-லும் 1930-லும் வாங்கிய கடன் பத்திரங்களின் வட்டி.