அனாமலி: பிறழ்வா, முரணா, ஒழுங்கின்மையா?

துகள் மோதல் தரவுகளில் புதிய இயற்பியலைத் தேடுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் ‘அனாமலி’. ஸ்டாண்டர்டு மாடல் என்னும் இன்றைய துகள் கோட்பாட்டின் கணக்கோடு ஒத்துவராத எதுவும் அவர்களுக்கு அனாமலிதான். இதைத் தமிழில் எந்தச் சொல்லால் எழுதுவது என்பதுதான் கேள்வி.

வேர் கிரேக்கம். ‘ஹோமலோஸ்’ என்றால் மேடுபள்ளம் இல்லாதது, சமமானது. முன்னால் ‘அன்’ சேர்ந்தால் சமமற்றது. சட்டம் என்று பொருள்படும் ‘நோமோஸ்’தான் வேர் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள், அது தவறு. ‘ஒழுங்கின்மை’ என்ற மொழிபெயர்ப்பும் அந்தத் தவறுக்குத்தான் பொருந்தும். வானியலில் கோளின் பாதைக் கோணத்துக்கும் இதே பெயர் உண்டு. கோள் சூரியனுக்கு அருகே வேகமாகவும் தொலைவில் மெதுவாகவும் ஓடுகிறதே, அந்தச் சமமின்மையால் வந்த பெயர்.

மோதல் தரவில் இந்த மேடுபள்ளத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஜெனீவா அருகே 27 கி.மீ. சுற்றளவுள்ள பெரும் ஹாட்ரான் மோதுவியில், ஒரு மோதலிலிருந்து தெறிக்கும் இரண்டு ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, சேர்த்து நிறையைக் கணக்கிட்டு, வரைபடம் போடுவார்கள். வழுக்கிக்கொண்டு இறங்கும் கோடு. அதில் ஓரிடத்தில் சின்ன மேடு. 2012இல் 125 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள் நிறையை அளக்கும் அலகு) அருகே எழுந்த மேடு ஹிக்ஸ் போசான் என்னும் துகளாக நிலைத்தது. 2015 டிசம்பரில் அந்த மோதுவியில் ஆய்வு செய்யும் அட்லஸ், சிஎம்எஸ் ஆகிய இரு குழுக்களும் 750க்குப் பக்கத்தில் ஒரு மேட்டைக் காட்டின. நூற்றுக்கணக்கில் கோட்பாட்டுக் கட்டுரைகள் குவிந்தன. 2016 ஆகஸ்டில், கூடுதல் தரவு வந்ததும் மேடு கரைந்துபோனது. வெறும் தற்செயல்!

அதனால்தான் ‘முரண்’ என்று எழுதுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. கோட்பாடு இடறியது உறுதியான பிறகு சொல்ல வேண்டிய சொல் அது. தற்செயலாக அப்படி ஒரு மேடு எழும் வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்று என்னும் ஐந்து சிக்மா அளவை எட்டும்வரை அவசரம் வேண்டாம்.

‘பிறழ்வு’தான் சரி. மனப்பிறழ்வு, நடத்தைப் பிறழ்வு என்று சொல்லிச் சொல்லி அதில் குறை என்ற சாயல் ஏறிவிட்டது, உண்மைதான். ஆனால் பழைய பாட்டுகளில் கயல் பிறழும்: நீருக்குள் புரண்டு சட்டென மின்னும். மின்னியது மீனா வெயிலா என்று அங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால்தான் தெரியும். 750இல் நடந்ததும் அதுதானே?

அப்புறம், இந்தத் துகளைத் தேடு என்று முன்கூட்டிச் சொல்லாமல், வழக்கமான மோதல்களை மட்டுமே கணினிக்குப் பழக்கி, அதற்குப் பிடிபடாதவற்றை ஒதுக்கி எடுக்கும் முறை ஒன்று இப்போது வளர்ந்துவருகிறது. அதற்குப் ‘பிறழ்வு கண்டறிதல்’ என்றும், அப்படிச் சிக்கும் ஒவ்வொரு மோதலுக்கும் ‘பிறழ் நிகழ்வு’ என்றும் தாராளமாக எழுதலாம்.