சிக்னலை அணைத்த படகு எப்படி மாட்டுகிறது?

பினாங்கில் தெலுக் பாகாங் பக்கம் சிறு படகுக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சீக்கிரமே அது இழுவலைப் படகுகளைத் திட்டுவதில் வந்து நிற்கும். கரையோரக் கடல் சின்னப் படகுகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அதற்குள் நுழைகிறவர்களும் உண்டு. மேலிருந்து பார்க்க வழியிருக்கிறது.

பெரிய கப்பல்களில் ஏஐஎஸ் என்ற கருவி இருக்கும். மோதல்களைத் தவிர்க்க வந்த கருவி அது. தன் அடையாள எண், இருப்பிடம், வேகம் எல்லாவற்றையும் ஓயாமல் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். நேராகப் போன இழுவலைப் படகு திடீரென்று மணிக்கு மூன்று நான்கு கடல் மைல் வேகத்துக்கு இறங்கி, முன்னும் பின்னுமாகச் சுற்றினால் வலை தண்ணீரில் இருக்கிறது என்று ஊகித்துவிடலாம். ஆனால் சுவிட்சை அணைத்தால் போதும், படகு வரைபடத்திலேயே இருக்காது.

அப்போது கைகொடுப்பது ரேடார் செயற்கைக்கோள். ஐரோப்பாவின் சென்டினல்-1 சுமார் 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நுண்ணலைகளைச் சாய்வாக அனுப்புகிறது. அமைதியான நீரில் பட்ட அலை எதிர்ப்பக்கம் தெறித்துவிடும். படத்தில் அந்த இடம் கறுப்பு. இரும்புக் கப்பலிலோ தளமும் சுவரும் செங்குத்தாகச் சந்திக்கும் மூலைகள் ஏராளம். அவற்றில் புகுந்த அலை இரண்டு மூன்று முறை மோதி, வந்த வழியே திரும்புகிறது. கறுப்புக்கு நடுவில் பளிச்சென்று ஒரு புள்ளி. மேகமும் இருட்டும் இதற்குத் தடையில்லை. நம் ஊர் வானத்துக்கு ஏற்ற கருவி. இத்தனைக்கும் ஆன்டெனாவின் நீளம் 12 மீட்டர்தான். அதை மட்டும் நம்பினால் படம் கிலோமீட்டர் கணக்கில் குழம்பிக் கிடக்கும். செயற்கைக்கோள் நகர நகரச் சேரும் எதிரொலிகளைக் கணினி ஒன்றாகக் கோப்பதால், மிக நீளமான ஆன்டெனா கொடுக்கும் தெளிவு கிடைக்கிறது.

அப்புறம் வெறும் கழித்தல் கணக்கு. ரேடார் புள்ளிகளிலிருந்து ஏஐஎஸ் காட்டியவற்றை எடுத்துவிட்டால், மிச்சமிருப்பவை மறைந்து திரியும் கப்பல்கள். 2017 முதல் 2021 வரையிலான படங்களை இப்படி அலசிய ஆய்வு, 2024 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. உலகின் தொழில்துறை மீன்பிடிக் கப்பல்களில் ஏறக்குறைய முக்கால்வாசி பொதுக் கண்காணிப்பில் தென்படவில்லையாம். அத்தனையும் திருட்டு என்று முடிவுகட்டக்கூடாது. ஏஐஎஸ் வைத்தே ஆக வேண்டும் என்ற விதி எல்லா மீன்பிடிப் படகுக்கும் கிடையாது.

சோத்தோங் (கணவாய்) பிடிக்கும் படகுகளை அவற்றின் விளக்குகளே காட்டிக்கொடுக்கும். இரவு வெளிச்சத்தைப் பதிவுசெய்யும் செயற்கைக்கோள்கள் தனியாக இருக்கின்றன.

மரத்திலும் ஃபைபரிலும் செய்த சின்னப் படகுகள்தான் சிக்கல். ரேடாரில் அவை மங்கல். செயற்கைக்கோள் அதே இடத்துக்குத் திரும்ப நாளாகும், அதற்குள் படகு போயே போய்விடும். என்னைக் கேட்டால், உண்மையான பிடி துறைமுகத்தில்தான் இருக்கிறது. 2016-இல் அமலுக்கு வந்த துறைமுக நாட்டு நடவடிக்கைகள் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாட்டுக்குள் வர, வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். திருட்டு மீன் என்பதற்கு ஆதாரம் இருந்தால் உள்ளேயே விடமாட்டார்கள். அதனால் சிலர் நடுக்கடலிலேயே வேறு கப்பலுக்குச் சரக்கை மாற்றிவிடுகிறார்கள். இரண்டு பெரிய கப்பல்கள் ஒட்டி நிற்பதும் ரேடாருக்குத் தெரியும்தான். உள்ளே எந்தக் கடலில் பிடித்த மீன் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க, யாராவது பனிக்கட்டி அறைக்குள் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.