கண்மாய் மீன் யாருக்கு? மதுரைப் பக்கத்து மீன்பாசி குத்தகை விதிகள்

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் கண்மாய்க்கரையில் இரண்டு விதமான சண்டையைப் பார்க்கலாம். "கண்மாய் பொதுச்சொத்து, நான் தூண்டில் போட்டா உனக்கென்ன?" என்பது ஒன்று. "ஏலம் எடுத்திருக்கேன், கரையில யாரும் கால் வைக்கக் கூடாது" என்பது இன்னொன்று. இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி.

முதலில் கண்மாய் யாருடையது என்று பார்த்துவிடுவோம். பாசனப் பரப்பு, அதாவது ஆயக்கட்டு, 40 ஹெக்டேருக்கு (சுமார் 100 ஏக்கர்) மேல் இருந்தால் அது நீர்வளத்துறைக் கண்மாய். பழைய ஆட்கள் இன்னும் பொதுப்பணித்துறைக் கண்மாய் என்றுதான் சொல்வார்கள். அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியத்துக் கண்மாய். ஊருணி, குட்டை போன்றவை பெரும்பாலும் ஊராட்சியின் கையில் இருக்கும். மீன் பிடிக்கும் உரிமையை ஏலமோ டெண்டரோ விட்டுக் குத்தகைக்குக் கொடுப்பார்கள். மீன்பாசி குத்தகை என்பது இதுதான். பெரிய கண்மாய்களில் மீன்வளத்துறையும் இதில் வரும். எந்த அலுவலகம் ஏலம் விட்டது என்பது கண்மாய்க்குக் கண்மாய் மாறும். அதனால் உங்கள் ஊர்க் கதையை வைத்துப் பக்கத்து ஊருக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டால் கண்மாய் யார் கணக்கில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

குத்தகைக் கணக்கு பசலி ஆண்டில் ஓடும்: ஜூலை 1 முதல் மறு வருடம் ஜூன் 30 வரை. 2025 ஜூலையில் தொடங்கி 2026 ஜூனில் முடிவது பசலி 1435. ஒரு பசலிக்கும் விடுவார்கள், சேர்த்துச் சில பசலிகளுக்கும் விடுவார்கள். யாராவது "இது என் கண்மாய்" என்று வந்து நின்றால் முதலில் கேட்க வேண்டியது, எந்தப் பசலி வரைக்கும் என்பதுதான்.

குத்தகைதாரர் எடுத்திருப்பது மீனை மட்டும். தண்ணீரை அவர் எடுக்கவில்லை. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரத்துக்குத் தனி ஏலம், மண்ணுக்குத் தனி அனுமதி. மீன்பாசி எடுத்தவர் மடையைத் திறந்து தண்ணீரை வடித்து மீன் அரிப்பதுதான் இந்த வட்டாரத்தில் அதிகம் புகாராகும் விஷயம். வயலில் கதிர் நிற்கும்போது ராத்திரியோடு ராத்திரியாக மடை திறந்திருக்கும், கேட்டால் "யாரோ திறந்துட்டாங்க" என்பார்கள். பாசனம்தான் முதலில், மீன் அப்புறம். மடையை எப்போது திறப்பது என்பது ஆயக்கட்டுதாரர்களும் அதிகாரிகளும் முடிவு செய்ய வேண்டியது. மாடு குளிப்பாட்ட வருகிறவரையோ, துணி துவைக்க வருகிறவரையோ, கரையில் நடந்து போகிறவரையோ தடுக்கும் உரிமையும் குத்தகையில் வராது. கரையை மறித்து முள்வேலி போடுவது அத்துமீறல். அதைப் பொறுத்துப் போக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இதே கணக்கை மறுபக்கத்துக்கும் பார்க்க வேண்டும். குத்தகை நடப்பில் இருக்கும் கண்மாயில் அவரைக் கேட்காமல் வலை வீசுவது அவர் பணம் கட்டி விட்ட மீன்குஞ்சைத் தூக்கிப் போவதுதான். கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் தானாக வந்தவை இல்லை, காசு கொடுத்து விட்டவை. ஒற்றைத் தூண்டிலோடு உட்காரும் பையன்களை நிறைய குத்தகைதாரர்கள் கண்டுகொள்வதில்லை. அது அவர்கள் பெருந்தன்மை, நம் உரிமை இல்லை. வெளியூரிலிருந்து பொழுதுபோக்காகத் தூண்டில் போட வருகிறவர்கள் காவலுக்கு இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருவது நல்லது.

கோடையில் தண்ணீர் வற்றும்போது நடக்கும் மீன்பிடித் திருவிழா வேறு கதை. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் சனம் மொத்தமும் உள்ளே இறங்கும். ஊத்தா என்ற மூங்கில் மீன்கூடையை முழங்கால் தண்ணீரில் குத்துவார்கள். உள்ளே விரால் மாட்டினால் மூங்கில் பட்டையில் முட்டும் அதிர்வு கைக்குத் தெரியும், மேல் வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டியதுதான். பிடித்த மீனை விற்காமல் வீட்டில் குழம்பு வைப்பது வழக்கம். இது ஊரும் குத்தகைதாரரும் பேசி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு, பெரிய மீனை அவர் முன்னாலேயே பிடித்திருப்பார். குத்தகை இன்னும் முடியவில்லை என்றால் அவர் சம்மதம் வாங்காமல் தேதி குறிப்பது வம்பில் போய் முடியும்.

யார் பிடித்தாலும் தப்பு என்று சில விஷயங்கள் இருக்கின்றன. வெடி போடுவதும் தண்ணீரில் விஷம் கலப்பதும் 1897ஆம் வருட இந்திய மீன்வளச் சட்டப்படியே குற்றம், குத்தகை எடுத்தவருக்கும் விலக்கு கிடையாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடை இருக்கிறது. தட்டையான பெரிய தலை, எட்டு மீசை, உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக இருக்கும். கோழிக்கழிவைக் கொட்டியே வளர்த்துவிடுவார்கள், சேற்றிலும் சாகாது. மழைக்குக் கண்மாய் நிரம்பி மறுகால் பாயும்போது அடுத்த கண்மாய்க்குப் போய் அங்குள்ள நாட்டு மீனைத் தின்று தீர்க்கும். யாராவது இதை விட்டால் மீன்வளத்துறைக்குச் சொல்லுங்கள். வலையில் ஆமை வந்தால் திருப்பி விட்டுவிடுங்கள். நம் கண்மாய்களில் இருக்கும் பால் ஆமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நாரை, கூழைக்கடா, நீர்க்கோழி எதுவானாலும் கண்ணி வைக்கக் கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை கண்மாய்க்கும் உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை, அது கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு.

சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குப் பெரிய கட்டுப்பாடு இல்லை. சாமநத்தம் கண்மாய்க்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் கரையில் நின்று பார்க்கலாம். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 72 ஏரி, குளங்கள் உள்ள இடம் அது. அந்த அறிவிப்பால் ஊர்க்காரர்களின் வழக்கமான உரிமை எதுவும் போகாது, அவர்களாகவே வைத்துக்கொள்ளும் கட்டுப்பாடுதான். எந்தக் கண்மாயானாலும் மண் அள்ளிய இடத்தில் திடீர்ப் பள்ளம் இருக்கும். பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

மீன்பிடித்துப் பிழைக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். தமிழ்நாடு மீனவர் நல வாரியம் கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் இல்லை, கண்மாயிலும் ஆற்றிலும் பிடிக்கிறவர்களும் பதியலாம். ஒன்றிய அரசின் மத்ஸ்ய சம்பதா என்ற மீன்வளத் திட்டத்தில் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது: இறந்தாலோ முழுமையாக முடங்கினாலோ 5 லட்சம், நிரந்தரமாகப் பகுதி ஊனம் என்றால் 2.5 லட்சம். பிரீமியம் மீனவர் கட்ட வேண்டியதில்லை. அதே திட்டத்தில் சொந்த நிலத்தில் மீன்குளம் வெட்டுவதற்குத் திட்டச் செலவில் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம். மதுரையில் மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்கலாம்.

குத்தகையில் சந்தேகம் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். ஏல அறிவிப்பு, குத்தகை உத்தரவு, நிபந்தனைகள், கட்டிய தொகை, முடியும் தேதி என்று ஐந்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். "மீன்பாசி விவரம்" என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகத்தான் பதில் வரும். மடை திறந்த புகார் என்றால் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலோ, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளிலோ கொடுக்கலாம். தேதி தெரியும் போட்டோ ஒன்றைக் கூட வைத்துவிடுங்கள். ஊராட்சிக் குளம் என்றால் ஏலப் பணம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கிராமசபையில் கேட்கலாம். அடுத்த பசலிக்கு ஏலம் வருவதற்குள் கேட்க வேண்டுமானால் மே 1 கிராமசபையை விட்டுவிடாதீர்கள்.