ரோட்டர்: சுழலியா, வட்டா?

சிங்கப்பூரில் சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ பட்டறையில் காரை விட்டால், "ரோட்டர் தேய்ஞ்சு போச்சு, ஸ்கிம் பண்ணணும், இல்லேன்னா மாத்தணும்" என்பார்கள். ரோட்டர் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தகடு. ஸ்கிம் பண்ணுவது என்றால் அதன் முகத்தை மெல்லச் சீவிச் சமப்படுத்துவது. பிரேக்கை மிதித்ததும் காலிப்பர் என்ற கவ்வி இரண்டு பக்கமும் பேடை, அதாவது உராய்வுக் கட்டையை, அழுத்தி ரோட்டரைக் கவ்விப் பிடிக்கும். உராய்வில் வண்டியின் வேகம் வெப்பமாகிறது. பேடும் தேய்கிறது, தகடும் தேய்கிறது.

இலத்தீனில் 'ரோட்டா' என்றால் சக்கரம், 'ரோட்டாரே' என்றால் சுழற்றுவது. அந்த வழியில் ஆங்கிலத்துக்கு வந்த 'ரொட்டேட்டர்' குறுகி ரோட்டர் ஆனது. அமெரிக்கர்கள் ரோட்டர் என்பதை பிரிட்டிஷ்காரர்கள் டிஸ்க் என்பார்கள். இங்கே இரண்டும் புழங்குகின்றன, சேர்த்து 'டிஸ்க் ரோட்டர்' என்றும் சொல்கிறோம். டிஸ்க் பிறந்தது கிரேக்க 'டிஸ்கோஸ்' என்ற எறிதட்டில். டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902இலேயே காப்புரிமை பெற்றார். ஆனால் 1953இல் பிரான்சின் லெ மான் கார் பந்தயத்தை ஜாகுவார் டிஸ்க் பிரேக்கோடு வென்ற பிறகுதான் அதன் பெயர் பரவியது.

தமிழில் ரோட்டருக்குச் 'சுழலி' என்று எழுதுகிறார்கள். இலத்தீன் பொருளுக்கு அது சரி. ஆனால் மின்மோட்டாருக்குள் சுழலும் பாகத்துக்கும் அதுதான் பெயர். மின்கார்கள் பெருகிவரும் சிங்கப்பூரில் ஒரே வண்டியில் இரண்டு சுழலிகள் என்றால் குழப்பம்தான். எனக்கு 'வட்டு' பிடித்திருக்கிறது. பழைய சொல். "அரங்கின்றி வட்டாடி யற்றே" என்ற குறளில் வட்டு என்பது உருட்டி ஆடும் காய். கருப்பட்டியையும் வட்டு வட்டாகத்தான் வாங்குகிறோம். டிஸ்க்குக்கும் பாடநூல்களில் வட்டுதான். எழுத்தில் 'தடுப்பு வட்டு', பேச்சில் 'பிரேக் வட்டு' என்றால் யாருக்கும் புரியும். ஸ்கிம் பண்ணுவதற்குக் 'கடைசல் பிடிப்பது' என்ற நல்ல சொல் நம் பட்டறைகளில் ஏற்கெனவே இருக்கிறது.

வட்டு என்று சொன்னால் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெளிவாகும்: அதன் முகமும் தடிப்பும். ஒவ்வொரு வட்டிலும் குறைந்தபட்சத் தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். புதிதில் 28 மி.மீ. இருக்கும் வட்டில் 26 என்று பொறித்திருந்தால், தேய்வதற்கு மொத்தம் 2 மி.மீ.தான், அதாவது பக்கத்துக்கு 1 மி.மீ. கடைசல் பிடித்தாலும் அந்த எல்லைக்குக் கீழே போகக் கூடாது. அளக்க மைக்ரோமீட்டர் என்ற நுண்ணளவுக் கருவிதான் ஏற்றது. பேட் தொடாத வெளி விளிம்பு தேயாமல் மேடாக நிற்பதால், சாதாரண வெர்னியர் அளவுகோல் அந்த மேட்டில் உட்கார்ந்து கூடுதலாகக் காட்டிவிடும். விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, சுற்றிலும் பல இடங்களில் அளக்க வேண்டும். இடத்துக்கு இடம் தடிப்பு மாறினால், பிரேக் போடும்போது ஸ்டியரிங் அதிர்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் சக்கரத்தைக் கழற்ற வழியில்லையா? சரி, வண்டி நன்றாக ஆறிய பிறகு சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். விளிம்பு மேடு, நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளக் கோடுகள், நீலம் பாய்ந்த திட்டு, மயிரிழை விரிசல், இவை கண்ணுக்கே தெரியும். விரிசல் இருந்தால் அளவெடுக்க வேண்டியதே இல்லை, மாற்றிவிட வேண்டும். மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை இங்கே காருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் கட்டாயப் பரிசோதனை. இடையில் பார்ப்பது நம் பொறுப்பு.

மழை பெய்த மறுநாள் காலையில் வட்டில் செந்துரு படிந்திருந்தால் பயம் வேண்டாம், நாலைந்து முறை பிரேக் போட்டால் போய்விடும். மின்காரில் மட்டும் கவனம் தேவை. அங்கே பெரும்பாலும் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேட் வட்டை அதிகம் உரசுவதில்லை, துருவும் தங்கிவிடும். அதனால் அதன் உள்முகத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிப் பட்டறையில் கேளுங்கள்.