மூன்று சக்கர மோட்டார் சைக்கிளின் அடித்தகடு: கனத்துக்கு முன்னால் சாய்வு

சாலையில் ஒரு கல் கிடந்தால் பைக் ஓட்டுபவர் ஒதுங்கிப் போய்விடலாம். கார் ஓட்டுபவர் அதை இரு சக்கரங்களுக்கும் நடுவே விட்டுக் கடந்துவிடலாம். மூன்று சக்கர மோட்டார் சைக்கிளுக்கு இவ்விரண்டு வழிகளும் எளிதல்ல. கனடாவின் கேன்-ஆம் ஸ்பைடர் போல முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாகச் சக்கரங்கள் அமைந்த வண்டியில், நடுவே விடப்படும் கல் முதலில் தாழ்வாக இருக்கும் அடிவயிற்றில் மோதி, பிறகு பின்சக்கரத்துக்கு நேர் எதிரே வந்துசேரும். புதுச்சேரியை அடுத்த ஆரோவில் பகுதியின் செம்மண் சரளைத் தடங்களிலும், பருவமழைக்குப் பின் பள்ளத்தைத் தண்ணீர் மூடியிருக்கும் கடலூர்த் தெருக்களிலும் இந்த மோதலை எப்போதும் தவிர்த்துவிட முடியாது என்பதால்தான், இன்ஜினின் அடியில் பொருத்தும் காப்பு உலோகத் தகடான அடித்தகட்டின் தேவை எழுகிறது.

வேகத்தடையின் கணக்கு தனி. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி அமைந்த வேகத்தடை 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு வில், அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ. முன்பின் சக்கரங்களுக்கிடையே 1.7 மீட்டர் தூரமுள்ள வண்டி அதன் உச்சியைக் கடக்கும்போது தரை இடைவெளியில், அதாவது தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடையிலான உயரத்தில், ஏறக்குறைய 2 செ.மீ. மட்டுமே குறைகிறது. தெருக்காரர்கள் தாங்களே போட்டுக்கொண்ட குறுகிய மேடு அதே 10 செ.மீ. உயரமாக இருந்தாலும், அந்த உயரம் முழுவதையும் இடைவெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் பிரேக் பிடித்தால் முன்புற ஷாக் அப்சார்பர் அமுங்கி, வண்டி இன்னும் தாழ்கிறது.

அடித்தகட்டை அடி தாங்கும் கேடயமாக எண்ணுவதே பொதுவழக்கம். உண்மையில் அதன் முதல் வேலை அடியைச் சறுக்கலாக மாற்றுவது. தேவனாம்பட்டினத்தில் கரைக்கு வரும் படகின் மூக்கு மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் மணலில் குத்தாமல் ஏறிவிடுவதைப் போன்றதே இதுவும். தகட்டுக்கும் கல்லுக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.5 என்று வைத்துக்கொள்வோம். வண்டி மெதுவாக ஏறும்போது அதன் முன்பாகத்தை உயர்த்த 100 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும் என்றும் கொள்வோம். தகட்டின் முன்விளிம்பு தரையோடு 30 பாகைச் சாய்வில் இருந்தால் கல் வண்டியைப் பின்னோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 150 கிலோ. 45 பாகையில் அது 300 கிலோ. 60 பாகையில் 1,600 கிலோவுக்கும் மேல். ஏறத்தாழ 63 பாகையைத் தாண்டிவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் தகடு சறுக்காது. ஒன்று கல் பெயர வேண்டும், இல்லையேல் உலோகம் கிழிய வேண்டும். எனவே பட்டறையில் எத்தனை மில்லிமீட்டர் தகடு என்று கேட்பதற்கு முன், முன்விளிம்பை எவ்வளவு வளைக்கப்போகிறார்கள் என்று கேட்பதே அறிவு.

உலோகத்தைத் தேர்வதிலும் ஒரு வியப்பு உண்டு. அலுமினியத்தின் விறைப்பு எஃகினுடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் தடிமன் இரட்டித்தால் வளைவை எதிர்க்கும் திறன் எட்டு மடங்காக உயர்வதால், 40 செ.மீ.க்கு 50 செ.மீ. அளவுள்ள 4 மி.மீ. அலுமினியத் தகடு சுமார் 2.2 கிலோ எடையிலேயே, 3.1 கிலோ எடையுள்ள 2 மி.மீ. எஃகுத் தகட்டைவிட இரண்டரை மடங்குக்கும் மேலாக வளையாமல் நிற்கும். அலுமினியம் மென்மையானது என்பதால் கூர்மையான ஜல்லி அதில் உழுதுவிடும் என்பது மறுபக்கம். அப்படி உழும்போது உராய்வும் கூடிவிடுகிறது.

தகட்டை எங்கே பிடிப்பது என்பதில் சமரசத்துக்கு இடமில்லை. தகடு இன்ஜினிலேயே போல்ட் செய்யப்பட்டால், காக்க வேண்டிய இன்ஜினின் வார்ப்பு அலுமினிய உறைக்கே அடி நேராகப் போய்ச்சேரும். அது எஃகைப் போல நெளியாமல் விரிசல் விட்டு எண்ணெயை ஒழுகவிடும். சேஸிஸ் குழாய்களில் கிளாம்ப் போட்டு, தகட்டுக்கும் உறைக்கும் நடுவே 10 முதல் 15 மி.மீ. இடைவெளி விட்டால், தகடு வளைந்தாலும் உறையைத் தொடாது; ரப்பர் தாங்கிகளின் மேல் இருக்கும் இன்ஜினும் தடையின்றி அதிரலாம். அதற்கு விலையாகத் தரை இடைவெளியில் ஏறக்குறைய 2 செ.மீ. போய்விடும். போல்ட்டின் தலைகள் தகட்டுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். வெளியே நீட்டியிருக்கும் தலையை முதல் கல்லே சீவிவிடும்.

அடைத்து மூடிய தகடு காற்றையும் தடுக்கும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள சவுக்குத் தோப்புகளின் உலர்ந்த சருகு சைலன்சர் குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே சேர்ந்தால் தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. ஆகவே பின்பக்கம் நோக்கிய திறப்புகளும், தண்ணீர் வடியத் தாழ்ந்த இடத்தில் துளைகளும், தகட்டைக் கழற்றாமலே எண்ணெய் மாற்ற டிரெயின் போல்ட்டுக்கு நேராக ஒரு வாயும் தேவை. உப்புக் காற்றில் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் எஃகு போல்ட் மின்வேதி அரிப்பைத் தூண்டும். இரண்டுக்கும் நடுவே நைலான் வாஷரும் சிறு குழாய்த்துண்டும் இட்டுப் பிரிப்பதோடு, கடற்கரை மணலில் ஓடிய பின் தகட்டின் உட்பக்கத்தை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவவும் வேண்டும்.